தொட்டியில் தாமரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் தொட்டி வைத்துத் தாமரை வளர்க்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. எந்தத் தண்ணீர் ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது, எப்போது மாற்றுவது? மண்ணைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் கேட்டவர்கள் மிகக் குறைவு. தாமரை முதலில் சேற்றுச் செடி. அதற்கு வேண்டிய சோறு சேற்றில் இருக்கிறது, வேண்டிய பலம் வெயிலில் இருக்கிறது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் தண்ணீரைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. கீழே உள்ள பதில்களில் இதைத்தான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, தாமரை என்று சொல்லிக் கொடுத்த செடியை வாங்கி வைத்தேன். இலைகள் எல்லாம் தண்ணீரின் மேலேயே படுத்துக் கிடக்கின்றன. ஒன்றுகூட எழுந்து நிற்கவில்லை. ஊதா நிறத்தில் சிறிய பூ பூக்கிறது. செடிக்கு ஏதாவது நோயா?

நோய் எதுவும் இல்லை. உங்களிடம் இருப்பது அல்லி. ஓர் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். விளிம்பிலிருந்து காம்பு சேரும் இடம் வரை ஒரு வெட்டு ஓடினால் அது அல்லி. தாமரை இலையில் அந்த வெட்டு இருக்காது. முழு வட்டமாக, நடுவில் காம்பு தாங்கி நிற்கும். இலையின் மேல் தண்ணீரைத் தெளித்தாலும் தெரிந்துவிடும். தாமரை இலையில் அது முத்து முத்தாகத் திரண்டு உருளும்.

பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை போல இருந்தாலும் தாவரவியல்படி நெருங்கிய உறவே இல்லை. மரபணு ஆய்வுகள் தாமரையை, மேலை நாடுகளில் சாலையோரம் நிழலுக்கு வைக்கும் பிளேன் மரங்கள் இருக்கும் வரிசையில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. அல்லியோ பூக்கும் தாவரங்களின் மிகப் பழைய கிளைகளில் ஒன்றைச் சேர்ந்தது.

ஏமாந்துவிட்டோம் என்று அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தொட்டிக்குத் தாமரையைவிட அல்லி எளிது. சிறிய தொட்டி போதும், வெயில் கொஞ்சம் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும், பூக்கத் தொடங்கினால் அடுத்தடுத்து மொட்டு விட்டுக்கொண்டே இருக்கும்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகத் தாமரை வளர்க்கிறேன். இலைகள் நிறைய வருகின்றன, ஒரு மொட்டுகூட வரவில்லை. நீளமான சதுரமூலைத் தொட்டி. பால்கனியில் காலை பத்து மணி வரை வெயில் இருக்கும். தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பியிருக்கிறேன். நன்றாக வளரட்டும் என்று வாரந்தோறும் உரமும் போடுகிறேன். வேறு என்ன செய்ய வேண்டும்?

உங்கள் கடிதத்தில் அக்கறை தெரிகிறது. ஆனால் செடிக்கு வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். விரிவாகவே சொல்கிறேன், இதே குறையோடு இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் வெயில். தாமரைக்கு நேரடி வெயில் ஒரு நாளில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். எட்டு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. காலை இளவெயில் மட்டும் படும் இடத்தில் இலை விடும், காம்பு நீளும், பூ வராது. இதற்கு உரத்தால் ஈடுகட்டவே முடியாது. தொட்டியை நாள் முழுதும் வெயில் படும் இடத்துக்கு மாற்ற வழி இல்லையென்றால் தாமரையை விட்டுவிட்டு அல்லிக்குப் போய்விடுங்கள். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். இருட்டில் தாமரையை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட அது நல்லது.

அடுத்தது மண். தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம், பூந்தொட்டிக்கென்று பையில் விற்கும் லேசான கலவைகள் எல்லாம் நிலத்துச் செடிகளுக்கு உரியவை. தண்ணீருக்கடியில் அவை மிதக்கும், அழுகும், நாற்றமெடுக்கும். தாமரைக்கு வேண்டியது கனமான களிமண். வயல் மண்ணோ குளத்து வண்டலோ கிடைத்தால் மிக நல்லது. கையில் பிசைந்து உருட்டினால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு, தண்ணீர் விட்டுக் குழைத்து, தொட்டியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். முழுவதும் மக்கிய தொழுஉரம் சேர்ப்பதானால் அடித்தட்டில் ஒரு கைப்பிடி போதும். மக்காத சாணம் கூடவே கூடாது.

மூன்றாவது, தொட்டியின் வடிவம். தாமரைக் கிழங்கு சேற்றுக்குள் கிடைமட்டமாக ஓடும். மூலையில் போய் முட்டினால் நுனி அங்கேயே சிக்கிக்கொள்ளும். சில சமயம் அழுகியும் போகும். வட்டத் தொட்டியில் அது சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டே போய்விடும். அடியில் ஓட்டை இல்லாத, வாய் அகன்ற வட்டத் தொட்டி வாங்குங்கள். நடுத்தர வகைக்கு 50 முதல் 60 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். கிண்ணத் தாமரை எனப்படும் குட்டை வகைகள் 30 சென்டிமீட்டர் அகலத்திலேயே பூத்துவிடும். உயரத்தைவிட அகலத்தைப் பாருங்கள்.

இனி, இருக்கும் செடியை எப்படி மாற்றுவது? இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டதால் தொட்டிக்குள் கிழங்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியிருக்கும். பூக்காததற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். செடி ஓய்ந்து, புது இலை விடத் தொடங்குவதற்குச் சற்று முன்பு இந்த வேலையைச் செய்யுங்கள். தண்ணீரை வடித்துவிட்டுத் தொட்டியை மெல்லச் சாய்த்துக் கவிழுங்கள். மண்வெட்டி, கரண்டி எதையும் உள்ளே விடாதீர்கள். சேற்றின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்துக்கொண்டே வந்தால் கிழங்குகள் வளையம் வளையமாகச் சுற்றிக் கிடப்பது தெரியும். கறுத்து, தொட்டால் கொழகொழவென்று நசுங்குபவை பழையவை, அவற்றை எடுத்துவிடுங்கள். வெளிறிய மஞ்சள் நிறத்தில் கெட்டியாக இருப்பவையே நடுவதற்கு உரியவை. ஒவ்வொன்றின் முனையிலும் விரல் நீளத்தில் கூரான ஒரு முளை இருக்கும். செடியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அழுத்திப் பிடித்தாலே சட்டென்று ஒடிந்துவிடும். ஒடிந்தால் அந்த முனையிலிருந்து வளராது. பக்கக் கணுவில் இன்னொரு முளை இருந்தால்தான் பிழைக்கும்.

இரண்டு மூன்று கணுக்களும் ஒடியாத முனையும் உள்ள ஒரே ஒரு கிழங்கைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தொட்டிக்கு ஒன்று போதும். சேற்றில் ஒரு கோடு கீறி, சுவரை ஒட்டிப் படுக்கைவசமாக வையுங்கள். முளை சற்று மேல்நோக்கி, தொட்டியின் நடுப்பக்கம் பார்த்திருக்கட்டும். கிழங்கை மூடி, அதன் மேல் ஒரு தட்டையான கல் வைத்தால் மிதந்து மேலே வராது. மண்ணுக்கு மேல் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும். ஆழம் குறைவாக இருந்தால் வெயிலில் சேறு சீக்கிரம் சூடாகும், முளை சீக்கிரம் எழும். இலைகள் வளர வளரத் தண்ணீரை உயர்த்திக்கொள்ளலாம்.

முதலில் வரும் இலைகள் சிறியவையாக நீர்மேல் மிதக்கும். அதைப் பார்த்துவிட்டு உரப் பையை எடுக்காதீர்கள். அந்தப் பருவத்தில் உரம் இட்டால் இளம் வேர் கருகிவிடும். காம்பு நிமிர்ந்து நீருக்கு மேலே நிற்கும் இலைகள் மூன்று நான்கு வந்த பிறகே உரம். அதையும் தண்ணீரில் தூவக் கூடாது. மெதுவாகக் கரையும் உரத்தைக் கொஞ்சமாகக் காகிதத்தில் பொதிந்து, முளைகளுக்கு எட்டத்தில், சேற்றுக்குள் ஆழமாகச் செருகுங்கள். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போதும். இலை விளிம்பு கருகினால் உரம் அதிகமாகிவிட்டது என்று பொருள். இலை முழுதும் வெளிறி மஞ்சளானால் குறைவு.

இவ்வளவும் செய்தபின் தொட்டியைத் தோண்டிப் பார்க்காமல் விட்டுவிட வேண்டும். முளை வந்ததா என்று சேற்றுக்குள் கை விட்டுத் துழாவுவதால் ஒடியும் முளைகள் ஏராளம்.

கேள்வி: என் மகள் தாமரை விதைகளைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் தினமும் எட்டிப் பார்க்கிறாள். பத்து நாட்களாகியும் கருங்கல் போலவே கிடக்கின்றன. கெட்டுப்போன விதைகளா?

பெரும்பாலும் நல்ல விதைகளாகவே இருக்கும். அந்த ஓடு தண்ணீரை உள்ளே விடாது. அதைத் திறந்துவிடாமல் எத்தனை நாள் ஊறவைத்தாலும் பயனில்லை.

விதையின் ஒரு முனையில் சிறிய கூர்ப்பு இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் சிறு குழியோடு சற்று மழுங்கியிருக்கும். அந்த மழுங்கிய பக்கத்தை அரத்திலோ கரடுமுரடான உப்புத்தாளிலோ தேயுங்கள். கறுப்பு ஓடு தேய்ந்து உள்ளிருக்கும் வெண்மை புள்ளியாகத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தேய்த்தால் பருப்பில் காயம் பட்டு அழுகும். இந்த வேலையை நீங்கள் செய்து கொடுங்கள், சின்னக் கை வழுக்கிவிடும். பிறகு கண்ணாடிக் குவளையில் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, வெளிச்சம் படும் இடத்தில் வைத்து, தினமும் தண்ணீரை மாற்றச் சொல்லுங்கள். மறுநாளே விதை உப்பியிருக்கும். நாலைந்து நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஓடு பிளந்து, உள்ளே மடங்கிக் கிடந்த பச்சை முளை நிமிர்ந்து வெளியே வரும். அதன் நுனியில் சுருட்டி வைத்த இலை இருப்பதை அவளுக்குக் காட்டுங்கள். வேர் விட்ட பிறகு சேற்றில் நடலாம்.

அந்த ஓட்டின் திறமையைப் பற்றியும் அவளுக்குச் சொல்லுங்கள். 1951-ஆம் ஆண்டு ஜப்பானில் இச்சிரோ ஓகா என்ற தாவரவியலாளர், டோக்கியோவுக்கு அருகே உள்ள சிபாவில் பூமிக்கடியிலிருந்து தாமரை விதைகளைத் தோண்டி எடுத்தார். அவை சுமார் 2,000 ஆண்டுப் பழமையானவை என்று கணிக்கப்பட்டது. அவற்றில் ஒன்று முளைத்து, 1952-இல் பூத்தது. அதன் வழிவந்த செடிகள் இன்றும் ஓகா தாமரை என்ற பெயரில் வளர்க்கப்படுகின்றன. சீனாவில் வறண்டுபோன ஓர் ஏரிப்படுகையில் கிடைத்த விதையும் முளைத்திருக்கிறது. தாவர ஆய்வாளர் ஜேன் ஷென் மில்லர் குழுவினர் ரேடியோ கார்பன் முறையில் சோதித்தபோது அதன் வயது ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் என்று தெரிந்தது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விதையிலிருந்து வரும் செடி முதல் ஆண்டே பூக்கும் என்று உறுதி கூற முடியாது. பூத்தாலும் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராமல் போகலாம். குறிப்பிட்ட ஒரு நிறம்தான் வேண்டும் என்றால் கிழங்கு வாங்குங்கள். முளைக்கும் அதிசயத்தைக் குழந்தை பார்க்க வேண்டும் என்றால் விதைக்கு ஈடே கிடையாது.

கேள்வி: தொட்டித் தண்ணீர் பச்சைப் பசேலென்று ஆகிவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுகிறேன். மறுபடியும் பச்சையாகிறது.

நீங்கள் மாற்றுவதால்தான் மறுபடியும் பச்சையாகிறது. தொட்டியைக் கலக்கும்போதெல்லாம் சேற்றிலுள்ள சத்து தண்ணீருக்கு வருகிறது. அதில் வெயிலும் படுகிறது. பாசிக்கு வேறென்ன வேண்டும்? மாற்றுவதை நிறுத்துங்கள். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் ஒருநாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். இலைகள் பரவி நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடியதும் பாசிக்கு வெளிச்சம் குறைந்து தானே தெளிந்துவிடும். நூல் நூலாகத் திரளும் பாசியை மட்டும் ஒரு குச்சியில் சுற்றி எடுத்துவிடுங்கள், அது இளங்குருத்தைச் சுற்றிக்கொள்ளும்.

கேள்வி: கொசு வருகிறது, தொட்டியை எடுத்துவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

அவர்கள் பயம் நியாயமானது. கொசு பெருகும் தொட்டியை வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் இதைத் தடுப்பது எளிது. வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதற்குள் புழுவைத் தின்ன ஆள் இருந்தால் போதும். நாலைந்து கப்பி மீன்களை விடுங்கள். இலை நிழலும் தண்ணீரும் போதுமான அளவு இருந்தால் அவை தொட்டியிலேயே குட்டி போட்டுப் பெருகும். குட்டி மீன்கள் மிகுதியானால் வளர்க்க விரும்புபவர்களுக்குக் கொடுங்கள், ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். கம்பூசியா மீனையும் கொசுவுக்காகப் பலர் சொல்வார்கள். அது தப்பித்து இயற்கையான நீர்நிலைக்குப் போனால் அங்குள்ள மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் அழித்துவிடும், அதனால் நான் சொல்லமாட்டேன்.

மீன் வளர்க்க முடியாதவர்களுக்கு பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. கொசுப்புழுவின் குடலைத் தாக்கும், மீனுக்கும் செடிக்கும் கெடுதல் செய்யாது. உறையில் போட்டிருக்கும் அளவுப்படி பயன்படுத்துங்கள். மண்ணெண்ணெயோ பூச்சிக்கொல்லியோ தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: மொட்டுக் காம்பிலும் இளம் இலையிலும் கறுப்பாகப் பொடிப் பொடிப் பூச்சிகள் அப்பியிருக்கின்றன. வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் அடிக்கலாமா? மஞ்சளான இலைகளையும் வெட்டிவிடட்டுமா?

அவை அசுவினிகள். காலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து நீரில் தள்ளிவிடுங்கள், மீன் இருந்தால் தின்றுவிடும். சில நாட்கள் தொடர்ந்து செய்தால் கட்டுக்குள் வந்துவிடும்.

எண்ணெயும் சோப்பும் தாமரை இலைக்கு ஆகாது. இந்த இலையின் மூச்சுத் துளைகள் மேல்பக்கத்தில்தான் இருக்கின்றன. மேற்பரப்பு முழுதும் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின் மேல் மெழுகுப் பூச்சு. தண்ணீர் ஒட்டாமல் உருள்வதும், உருளும் துளி தூசியை அள்ளிக்கொண்டு போவதும் இந்த அமைப்பால்தான். ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லோட், கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸ் இருவரும் 1997-இல் இதை விரிவாக விளக்கினார்கள். தானே துடைத்துக்கொள்ளும் பெயின்ட் இந்த இலையைப் பார்த்து உருவானது. சோப்பு அந்த மெழுகைக் கெடுக்கும், எண்ணெய் துளைகளை அடைக்கும்.

முற்றிலும் மஞ்சளான இலையை வெட்டலாம். ஆனால் காம்பை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே வெட்டுங்கள். தாமரைக் காம்பு உள்ளே குழாய் குழாயாக இருக்கும். இலை இழுக்கும் காற்று அந்தக் குழாய்கள் வழியே சேற்றுக்குள் கிடக்கும் கிழங்குக்குப் போகிறது. கிழங்கை நறுக்கினால் தெரியும் ஓட்டைகளும் அதே காற்று வழிகள்தாம். நீருக்கடியில் வெட்டினால் அந்த வழியே தண்ணீர் இறங்கி, கிழங்கு அழுகக்கூடும். பச்சை இலைகளை அழகுக்காக வெட்ட வேண்டாம்.

கேள்வி: முதல் பூ பூத்தது! ஆனால் மதியத்துக்குள் மூடிக்கொண்டது. நான்காம் நாள் இதழ்கள் உதிர்ந்துவிட்டன. ஏதாவது குறையா?

வாழ்த்துகள். ஒரு குறையும் இல்லை. தாமரை காலையில் விரிந்து மதியவாக்கில் மூடும். மறுநாள் முன்னைவிட அகலமாக விரியும். மூன்று நான்கு நாளில் இதழ் உதிரும். விடியற்காலையில் எழுந்து பார்க்க வேண்டிய பூ அது.

அடுத்த மொட்டு வரும்போது ஒன்று கவனியுங்கள். குளிர்ந்த காலையில், விரியத் தொடங்கும் பூவின் நடுவில், விதைகள் உருவாகும் பகுதியான பொகுட்டின் அருகே மெல்ல விரலை வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். தாமரைப் பூ தானாகவே சூட்டை உண்டாக்கிக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ரோஜர் சீமோர், பால் ஷுல்ட்ஸே மோட்டல் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து 1996-இல் வெளியிட்டார்கள். வெளியே காற்றின் வெப்பம் 10 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையில் ஏறி இறங்கியபோதும் பூவின் உட்பகுதி 30 முதல் 35 டிகிரிக்குள் நின்றது. மணத்தைப் பரப்பவும், உள்ளே தங்கும் வண்டுகளுக்குக் கதகதப்பைக் கொடுக்கவும் இது உதவுகிறது என்று கருதுகிறார்கள்.

இதழ் உதிர்ந்ததும் பொகுட்டை விட்டுவைத்தால் விதை முற்றும். மேலும் பூ வேண்டுமானால் விதைக்கு விடாமல் கிள்ளிவிடலாம்.

கேள்வி: எங்கள் அல்லிப் பூவுக்குள் சிறு வண்டுகளும் ஈக்களும் செத்துக் கிடக்கின்றன. பூச்சி தின்னும் செடியா?

இல்லை. பல அல்லி வகைகளில் பூ விரியும் முதல் நாள் அது பெண் பூவாக நடந்துகொள்கிறது. நடுவிலுள்ள கிண்ணத்தில் ஒரு திரவம் தேங்கியிருக்கும். வேறு பூவில் மகரந்தம் பூசிக்கொண்டு வரும் பூச்சி வழுக்கி அதில் விழும்போது மகரந்தம் கழுவப்பட்டுக் கருவுறுதல் நடக்கும். சில பூச்சிகள் ஏற முடியாமல் மூழ்கிவிடுகின்றன. இரண்டாம் நாள் திரவம் வற்றி, மகரந்தம் வெளிப்படும். அப்போது வரும் பூச்சிக்கு ஆபத்தில்லை.

கேள்வி: நாங்கள் இருப்பது பனி பெய்யும் நாடு. குளிர்காலத்தில் கிழங்கு செத்துவிடாதா?

கிழங்கு உறைந்தால்தான் சாகும். இலைகள் காய்ந்ததும் காம்புகளை நீர்மட்டத்துக்கு மேலே கத்தரித்துவிட்டு, தொட்டியை உறையாத, குளிர்ந்த ஓர் அறைக்கோ கார் நிறுத்தும் கொட்டகைக்கோ மாற்றுங்கள். சேறு காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். வெளிச்சமும் உரமும் வேண்டாம். வெப்பம் தொடர்ந்து 20 டிகிரியைத் தாண்டும் பருவம் வந்ததும் வெயிலுக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: தாமரைத் தொட்டியிலேயே ஆகாயத்தாமரையும் ஒன்றிரண்டு விட்டேன். பூ அழகாக இருக்கிறது. இப்போது தொட்டி நிறைந்துவிட்டது. மிஞ்சியதைப் பக்கத்துக் குளத்தில் விடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் ஒன்று இதுதான். தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுபோகப்பட்ட இந்தச் செடி, உலகின் வெப்ப நாடுகளில் ஏரிகளையும் ஆறுகளையும் மூடிக்கொண்டிருக்கிறது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் படகு போக்குவரத்தும் மீன்பிடிப்பும் இதனால் தடைபட்டிருக்கின்றன. சூடும் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்திலேயே இரு மடங்காகிவிடும். ஒரு துண்டு போனாலே குளம் முழுவதும் பரவ அது போதும். பல நாடுகளில் இதை வளர்ப்பதும் விற்பதும் சட்டப்படி தடை செய்யப்பட்டவை.

தாமரைத் தொட்டியிலிருந்தும் முழுதாக எடுத்துவிடுங்கள். இளம் இலைகளுக்கு வெயில் படாமல் மறைப்பது அதுதான், தண்ணீரிலுள்ள சத்தை உறிஞ்சுவதும் அதுதான். எடுத்ததைத் தரையில் பரப்பி, வேர் நொறுங்கும் அளவுக்கு வெயிலில் காயவையுங்கள். அதன் பிறகு எருக்குழியில் போடலாம். ஈரத்தோடு வடிகாலில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அது போய்ச் சேரும் இடமும் ஏதோ ஒரு குளம்தான்.